கோழிக்குஞ்சுகளுக்குச் சோயா மொச்சை: பக்குவம் செய்யாமல் இடலாகாது

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் முன்னோர் வாக்கு. இது பயிருக்கு மாத்திரமன்று, கோழிக்குஞ்சுக்கும் பொருந்தும். முட்டையினின்று வெளிவரும் கறிக்கோழிக் குஞ்சின் எடை ஏறக்குறைய 40 கிராம். தக்க வெப்பமும், சுத்தமான நீரும், சீரண சக்திக்கேற்ற தீனியும் வாய்க்குமாயின், ஏழாம் நாளில் அது நான்கு மடங்குக்கு மேல் பெருத்துவிடுகிறது. உயிர்ப்பிராணிகளில் இத்தனை வேகமாக வளர்வன மிகச் சிலவே. அந்த ஏழு நாட்களில் ஏற்படும் குறையைப் பின்னர் எவ்வளவு தீனி கொட்டினாலும் முழுவதும் ஈடு செய்ய இயலாது. ஆதலால் குஞ்சுத் தீனியைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொல்லுவது இந்தப் பருவத்தில் உபயோகமாயிருக்கும் என்று கருதுகிறேன்.

முண்டியம்பாக்கத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் கரும்பும் நெல்லும் மணிலாக்கொட்டையும் உளுந்துமே பிரதான வெள்ளாமை. சர்க்கரை ஆலையை நம்பிக் கரும்பு வைத்தவர்களும், மழையை நம்பி மணிலா விதைத்தவர்களும், வருஷத்தில் சில மாதங்கள் கையில் காசின்றித் தவிப்பது நாம் அறிந்ததே. அவ்விடைக்காலத்தில் ஒரு வரும்படி வேண்டுமென்று அநேகர் இப்பொழுது கோழி வளர்ப்பில் இறங்கியிருக்கிறார்கள். இவர்களில் இரு வகையார் உண்டு. குஞ்சும் தீனியும் மருந்தும் கம்பெனியாரிடம் பெற்றுக்கொண்டு, கொட்டகையும் உழைப்பும் தாம் தந்து, எடைக்கு ஏற்பக் கூலி வாங்குவோர் ஒரு வகை. தாமே குஞ்சு வாங்கி, தாமே தீனி கலந்து, தாமே விற்போர் மற்றொரு வகை. முதல் வகையாருக்குத் தீனியின் பக்குவத்தைப் பற்றிய கவலை குறைவு. நான் எழுதுவது இரண்டாம் வகையாரை உத்தேசித்தே.

இக்கட்டுரை எழுதத் தூண்டிய சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2021-ஆம் ஆண்டில் சோயாப் பிண்ணாக்கின் விலை முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு ஏறிற்று. கோழிப் பண்ணையாளர்கள் முறையிட்டதன் பேரில், அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், மரபணு மாற்றப்பட்ட சோயாவின் எண்ணெய் நீக்கிய பிண்ணாக்கு 12 லட்சம் டன் வரையில் இறக்குமதி செய்துகொள்ள மத்திய சர்க்கார் அனுமதி அளித்தது. அந்தச் சமயத்தில் எங்கள் வட்டாரத்துக் குடியானவர் ஒருவருக்கு, தானிய வியாபாரி ஒருவரிடம் தங்கிப்போன முழுச் சோயா மொச்சை சில மூட்டைகள் மலிவாகக் கிடைத்தன. பிண்ணாக்கில் உள்ள சத்து மொச்சையிலும் உண்டு, அதோடு எண்ணெயும் சேர்ந்திருக்கிறது, ஆகவே இது இன்னும் மேல் என்று அவர் எண்ணினார். மாவு மில்லில் அரைத்துச் சோளத்தோடு கலந்து குஞ்சுகளுக்கு இட்டார். பத்தாம் நாள் என்னை அழைத்துக் காட்டினார். குஞ்சுகள் சாகவில்லை. ஆனால் இறகு சரியாக முளைக்காமல், எச்சம் ஈரமாகி, கொட்டகைத் தரை நசநசத்து, பக்கத்துக் கொட்டகைக் குஞ்சுகளுக்குப் பாதிதான் இருந்தன.

“பச்சை மொச்சையை இடலாகாது ஐயா, வறுத்து இடுங்கள்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த குஞ்சுகளுக்கு அவர் வறுத்தே இட்டார். கடலை வறுக்கும் மணற்சட்டியில், விஷம் போகட்டுமென்று, கருக வறுத்து இட்டார். அந்தக் குஞ்சுகளும் தேறவில்லை. “நீங்கள் சொன்னபடிதானே செய்தேன்” என்று அவர் கேட்டபோது எனக்கு விடை சொல்ல நாவெழவில்லை. வறுக்கச் சொன்ன நான், எவ்வளவு வறுப்பது, வறுபட்டதை எப்படி அறிவது என்று சொல்லவில்லை. பிழை என்னுடையது. அவருக்கு நேர்ந்த நஷ்டம் இன்னொருவருக்கு நேரலாகாது என்பதே இப்பொழுது எனக்குள்ள விசாரம்.

நிற்க. பச்சைச் சோயா மொச்சையில் உள்ள தோஷம் யாது? குஞ்சின் வயிற்றில் கணையம் என்னும் உறுப்பு சுரக்கும் நீரில் டிரிப்சின் என்ற பொருள் உண்டு. தீனியிலுள்ள புரதச்சத்தை அறுத்துச் சீரணிக்கச் செய்வது அதன் வேலை. பச்சை மொச்சையில் இந்த டிரிப்சினைக் கட்டிப்போடும் வேறொரு பொருள் இருக்கிறது. அது வயிற்றிற் சென்றதும் சீரணம் தடைப்படுகிறது. கணையம் மேன்மேலும் நீரைச் சுரந்து சுரந்து வீங்குகிறது. தின்ற புரதமும் வீணாகி, உடலிலுள்ள புரதமும் சுரப்பு நீராகக் கழிகிறது. ஆகவே சத்து மிகுந்த தீனியைத் தின்றும் குஞ்சு பட்டினி கிடந்தது போலாகிறது. வளர்ந்த கோழி இதை ஒருவாறு தாங்கும். அசை போடும் மாடு இன்னும் நன்றாகத் தாங்கும். இளங்குஞ்சு தாங்காது. ‘மாட்டுக்கு வைத்தேன், ஒன்றும் ஆகவில்லையே’ என்று சொல்லுவோர் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

இது புதிய சங்கதியன்று. அமெரிக்காவில் ஆஸ்பார்ன், மெண்டல் என்னும் இரு விஞ்ஞானிகள் 1917-ஆம் ஆண்டிலேயே, பச்சைச் சோயா மொச்சை தின்ற எலிகள் வளராமையையும், வேகவைத்ததைத் தின்றவை வளர்ந்தமையையும் கண்டு வெளியிட்டார்கள். டிரிப்சினைத் தடுக்கும் பொருளைக் கூனிட்ஸ் என்பவர் 1945-இல் படிகமாகவே பிரித்தெடுத்தார். நம் தேசத்தில் காந்தியடிகள் 1935-இல் வார்தாவில் சோயா மொச்சையை உணவிற் சேர்த்துப் பார்த்து, அதைப் பற்றித் தம் ‘ஹரிஜன்’ பத்திரிகையில் எழுதியதுண்டு. ஆயினும் மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் விரிந்து பரவிய இப்பயிர், நம் ஜில்லாவில் பரவவில்லை. கோயம்புத்தூர் விவசாய சர்வகலாசாலையார் கோ 1, கோ 2, கோ 3 என்ற சோயா ரகங்களை வெளியிட்டும், நம்மவர்க்கு மணிலாவே கைவந்த பயிர். ஆகவே மொச்சையின் குணமும் குற்றமும் நம் குடியானவர்க்குப் பழக்கத்தால் தெரிய நியாயமில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டும்.

குணத்தையும் சொல்ல வேண்டும். முழு மொச்சையில் 100-க்கு 36 முதல் 40 பங்கு புரதமும், 18 முதல் 20 பங்கு எண்ணெயும் இருக்கின்றன. எண்ணெய் நீக்கிய பிண்ணாக்கில் புரதம் 44 முதல் 48 பங்கு வரையில் உண்டு. அதைவிட முக்கியம், அந்தப் புரதத்தில் லைசின் என்னும் அமிலம் நிறைந்திருப்பது. சோளத்திலும் கம்பிலும் அது குறைவு. மெத்தியோனின் என்ற மற்றோர் அமிலம் சோயாவிலும் போதாது. அதனைத் தனியே சேர்த்தேயாக வேண்டும். முதல் வாரக் குஞ்சுத் தீனியில் 100-க்கு 23 பங்கு புரதம் வேண்டுமென்பது இந்தியத் தர நிர்ணயம். சோயா இன்றி அதை எட்டுவது மிகவும் கடினம்.

‘நமக்குத்தான் மணிலாப் பிண்ணாக்கு இருக்கிறதே, திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்களை விதைத்து மூட்டை மூட்டையாக எடுக்கிறோமே, வடக்கிலிருந்து வரும் மொச்சைக்கு ஏன் காத்திருக்க வேண்டும்?’ என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மணிலாப் பிண்ணாக்கில் புரதம் குறைவன்று. ஆனால் லைசின் சோயாவில் உள்ளதில் ஏறக்குறைய பாதிதான். அன்றியும், ஈரத்தில் தங்கிய மணிலாவில் பூசணம் பற்றி அப்ளாடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகிறது. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்து பார்க்கையில், பிரேஜில் தேசத்திலிருந்து வந்த பூசணம் பற்றிய மணிலாப் பிண்ணாக்கே காரணமென்று தெரிந்தது. சோயா மொச்சையின் நஞ்சு வெப்பத்தால் அழியும். மணிலாப் பூசண நஞ்சோ வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுவதும் போகாது. 2024 நவம்பர் முடிவில் வந்த பெஞ்சல் புயலில் நம் ஜில்லாவில் எத்தனை களங்களும் கிடங்குகளும் நனைந்தன என்பதை நினைவு கூர்ந்தால், இதன் அபாயம் விளங்கும். ஆகவே, நன்கு உலர்ந்த, பூசணமற்ற மணிலாப் பிண்ணாக்கை வளர்ந்த கோழிக்கு அளவோடு இடுக. முதல் இரண்டு வாரக் குஞ்சுகளுக்கு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

இனி, மொச்சையைப் பக்குவம் செய்யும் முறைக்கு வருவோம். பச்சையாக இருந்தாலும் கெடுதி, கருகினாலும் கெடுதி என்பதே இதன் சூட்சுமம். வெப்பம் போதாவிடில் தடைப்பொருள் நிற்கும். வெப்பம் மிஞ்சினால் லைசின் அமிலம் மொச்சையிலுள்ள சர்க்கரையோடு பிணைந்து சீரணத்துக்கு உதவாமற் போகும். அந்தக் குடியானவர் முதல் முறை முன்னதையும், இரண்டாம் முறை பின்னதையும் அனுபவித்தார். சோறு குழையாமலும் நறுக்கரிசியாகாமலும் வடிப்பதற்குப் பதம் பார்ப்பதைப் போல இதற்கும் பதம் பார்க்க வேண்டும்.

எந்த முறையைக் கைக்கொண்டாலும், முதலில் மொச்சையைப் புடைத்து, கல்லும் மண்ணும் பூசணம் பற்றியதும் நீக்குக. மருந்து கலந்த விதை மொச்சையை ஒருக்காலும் தீனிக்கு எடுக்கலாகாது. சிறு அளவிற் செய்வோருக்கு அவித்தல் முறை உத்தமம். மொச்சையை இரவு முழுதும் ஊறவைத்து, கொதிக்கும் நீரிலிட்டு அரை மணி நேரம் வேகவைத்து, நீரை வடித்து, மெல்லிய படலமாகப் பரப்பிக் கடகடவென்று உலர்த்தி அரைக்கலாம். நீர் கொதிக்கும் வெப்பத்துக்கு மேல் போகாதாகையால் இதில் கருகும் பயம் இல்லை. உலர்த்துவதே கஷ்டம். ஐப்பசி கார்த்திகையில் இம்முறையைத் தொடாதிருப்பது நலம். அரைகுறையாக உலர்ந்த மொச்சை இரண்டே நாளில் பூசணம் பிடிக்கும். நீராவி அழுத்தக் கலம் உள்ளவர்கள் 15 பவுண்டு அழுத்தத்தில், அதாவது 121 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், 15 முதல் 20 நிமிஷம் வைத்தாற் போதும். புழுங்கல் நெல் அவிக்கும் ஆலைகள் நம் பக்கத்தில் உண்டு. வேலையற்ற நாட்களில் அந்த நீராவியைப் பயன்படுத்த இயலுமா என்று ஆலைக்காரர்கள் யோசித்துப் பார்ப்பது நன்று.

வறுப்பதாயின், தீயின் மேல் சுழலும் உருளையில், மொச்சை ஒரே சீராகப் புரளும்படி வறுக்க வேண்டும். அடுப்பின் சூட்டையோ மணலின் சூட்டையோ பார்த்துப் பயனில்லை. மொச்சையின் சூட்டைப் பார்க்க வேண்டும். உருளையினின்று வெளிவரும் மொச்சை ஏறத்தாழ 120 முதல் 130 டிகிரி செல்சியஸ் இருக்கலாம். வந்தவுடன் பரப்பாமல், கால் மணி முதல் அரை மணி வரை குவித்து மூடி வைத்தால், சூடு உள்ளேயும் ஒரே சீராகப் பரவும். பின்பு பரப்பி ஆற விடுக. சூடு அளக்கும் கருவி ஒன்று அவசியம். நல்ல பதத்து மொச்சை இளம்பொன் நிறமாயிருக்கும். வாயிலிட்டால் பச்சை வாடையும் கசப்பும் இராது. காப்பிக்கொட்டை போல் கருத்ததைக் குஞ்சுக்கு இடுவது காசைக் கரியாக்குவதாகும். அரைத்த மாவில் எண்ணெய் இருப்பதால் விரைவில் காறிப்போகும். ஆகையால் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மாத்திரம் அரைத்துக்கொள்க.

பதம் வந்ததா என்று கண்ணாலும் நாவாலும் முழுவதும் தீர்மானிக்க இயலாது. அதற்கு ஓர் எளிய பரீட்சை உண்டு. அதன் தத்துவம் நம் குடியானவர்கள் அறிந்ததே. வயலில் யூரியா இட்ட மறுநாள் மூக்கில் ஏறும் நெடி எதனால் வருகிறது? மண்ணிலுள்ள யூரியேஸ் என்னும் பொருள் யூரியாவைப் பிளந்து அம்மோனியாவை வெளிப்படுத்துவதால் வருகிறது. அதே யூரியேஸ் பச்சைச் சோயா மொச்சையிலும் நிரம்ப இருக்கிறது. டிரிப்சினைத் தடுக்கும் பொருள் எந்த வெப்பத்தில் அழிகிறதோ, ஏறக்குறைய அதே வெப்பத்தில் இந்த யூரியேசும் அழிகிறது. ஆகவே யூரியேஸ் இருக்கிறதா என்று பார்த்தால், மற்றதும் இருக்கிறதா என்று ஊகித்துக்கொள்ளலாம்.

செய்முறையாவது: மூடியுள்ள மூன்று சிறு கண்ணாடிப் புட்டிகள் எடுத்துக்கொள்க. ஒன்றில் பக்குவம் செய்த மொச்சை மாவு ஒரு தேக்கரண்டி, இரண்டாவதில் பச்சை மொச்சை மாவு ஒரு தேக்கரண்டி இடுக; மூன்றாவதில் மாவு வேண்டாம். மூன்றிலும் கால் தேக்கரண்டி யூரியாவும் சிறிது வெதுவெதுப்பான நீரும் விட்டுக் கலக்குக. சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்து, மாவில் படாமல் வாயில் தொங்கும்படி வைத்து மூடுக. 20 நிமிஷத்தில் பச்சை மொச்சைப் புட்டியில் தாள் நீலமாகும். திறந்தால் நெடி வீசும். மாவில்லாத புட்டியில் நிறம் மாறாது. பக்குவம் செய்த மொச்சையின் தாள், பச்சை மொச்சையின் தாளைப் போல் நீலமானால் வெப்பம் போதவில்லை என்று அறிக. மிகச் சிறிதே மாறினால் நல்ல பதம். சிறிதும் மாறாவிடில் பச்சை இல்லை என்பது மாத்திரமே நிச்சயம். வெப்பம் மிஞ்சியிருக்கவும் கூடும். அப்பொழுது நிறத்தைப் பார்க்க வேண்டும்; சந்தேகமாயின் இரசாயனசாலைக்கு அனுப்ப வேண்டும். அங்கே மொச்சையின் புரதம் காரநீரில் எவ்வளவு கரைகிறது என்று பார்ப்பார்கள். 100-க்கு 78 முதல் 85 பங்கு கரைந்தால் நன்று. 70-க்குக் கீழ் இறங்கினால் கருகியது என்று கொள்ளலாம். பரீட்சை செய்த மாவை எந்தப் பிராணிக்கும் இடாமல் எருக்குழியிற் கொட்டிவிடுக. யூரியா கலந்த தீனி தின்னும் மாட்டுக்குப் பச்சைச் சோயா மொச்சையையும் சேர்த்து இடுவது இதே காரணத்தால் ஆபத்து என்பதையும் இங்கே நினைவிற் கொள்க.

இவ்வளவும் சொன்ன பின், எல்லோரும் மொச்சை வறுக்கக் கிளம்புங்கள் என்பது என் கருத்தன்று. கணக்குப் பார்ப்போம். ஒரு கறிக்கோழி விற்பனைக்கு வருமுன் மூன்றரை முதல் நான்கு கிலோ வரை தீனி தின்கிறது. அதில் முதல் வாரத்தில் தின்பது ஏறக்குறைய 150 கிராம். அதாவது 100-க்கு 4 பங்கு. நூறு குஞ்சு வளர்ப்பவருக்கு முதல் வாரத் தீனி 15 கிலோதான். இந்தப் பதினைந்து கிலோவில் சில ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், நாற்பது நாள் உழைப்பையும் மீதி 96 பங்கு தீனியையும் பணயம் வைப்பது, சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையாகும். ஆகவே சில நூறு குஞ்சு வளர்ப்பவர்கள் முதல் இரண்டு வாரத்துக்கு நம்பகமான குஞ்சுத் தீனியை விலைக்கு வாங்குவதே சிக்கனம். அதற்குப் பின் சொந்தக் கலவைக்கு மாறலாம். அப்பொழுதும் சோதனை செய்த பிண்ணாக்கையே முதலாகக் கொண்டு, பக்குவம் செய்த முழு மொச்சையை 100-க்கு 10 பங்குக்கு மேற்படாமல் தொடங்கி, எச்சத்தையும் எடையையும் பார்த்துக்கொண்டு போவது விவேகம். வாரம் ஒரு முறை பத்துக் குஞ்சுகளை நிறுத்து எழுதிவைக்காதவருக்குத் தீனி நல்லதா கெட்டதா என்பது சந்தைக்குப் போகும் நாளில்தான் தெரியும். அப்பொழுது தெரிந்து பயனில்லை.

ஆயிரக்கணக்கில் வளர்ப்போரும், பலர் சேர்ந்த உழவர் உற்பத்தியாளர் குழுவினரும் மொச்சையை மொத்தமாக வாங்கிப் பக்குவம் செய்யலாம். ஒருவருக்குக் கட்டாத உருளையும் சூடு அளக்கும் கருவியும் இருபது பேருக்குக் கட்டும். விலை ஏறிய காலத்தில் வியாபாரி சொல்லுவதையே வேதமாகக் கொள்ளாமல், தாமே வாங்கித் தாமே சோதிக்கும் வலிமையும் உண்டாகும். ஆனால் பரீட்சைப் புட்டி இல்லாத இடத்தில் உருளையை நிறுத்தலாகாது. உருளை முன்னும் பரீட்சை பின்னும் வருவதாயின், ஒருவர் செய்யும் பிழை இருபது கொட்டகைக்கும் பரவும்.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். தீனியைச் சோதிக்கும் இரசாயனசாலை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இருக்கிறது. அங்கே பெரும் பண்ணையார்கள் மாதிரி அனுப்புகிறார்கள். முண்டியம்பாக்கத்துக் குடியானவர் ஒரு கைப்பிடி மாவை எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போகமாட்டார். வட்டாரந்தோறும் விவசாய விரிவாக்க மையத்திலோ, கால்நடை மருந்தகத்திலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ மாதிரிகளை வாங்கி, மாதம் இரு முறை சேர்த்து அனுப்ப ஏற்பாடு செய்தால் பேருபகாரமாகும். லிட்மஸ் தாளும் புட்டியும் அதிகச் செலவு பிடிப்பவை அல்ல. கிராம சபை கூடும் நாளில் இப்பரீட்சையை ஒரு முறை செய்து காட்ட எனக்கு இடம் கொடுத்தால் நான் வரச் சித்தமாயிருக்கிறேன்.

எங்கள் இலாகாவைச் சேர்ந்தோருக்கும் எனக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ‘உரம் இடுங்கள்’, ‘மருந்து தெளியுங்கள்’, ‘வறுத்து இடுங்கள்’ என்று வாயால் சொல்லுவது எளிது. அளவும், வெப்பமும், நேரமும், சரியாக ஆயிற்றா என்று அறியும் வழியும் சேர்த்துச் சொல்லாத யோசனை, பாதி யோசனையாக நிற்பதில்லை. கேட்டவர் தலையில் முழு நஷ்டமாகவே போய் விழுகிறது. அந்தக் குடியானவர் இப்பொழுது மறுபடி குஞ்சு எடுத்திருக்கிறார். அவர் கொட்டகை வாசலில் மூன்று புட்டிகள் இருக்கின்றன. நான் போகும்போதெல்லாம் என்னிடம் அபிப்பிராயம் கேட்குமுன் அவற்றையே எடுத்துக் காட்டுகிறார். செய்முறை விளக்கம் செய்பவனுக்கு அதைவிட வேறு மரியாதை வேண்டியதில்லை.